நூற்பட்டியற் பதிவுகளில் எண்ணிம நூல்கள்: சான்று காட்டும் முறை பற்றிய ஒரு மதிப்பீடு

1885ஆம் ஆண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றி வெளியிட்டபோது, அதன் ஒன்பது இயல்களுக்குமுரிய உரை நச்சினார்க்கினியருடையது என்றே கொண்டார். பின்னர் ரா. இராகவையங்கார் முதலியோர் நிகழ்த்திய ஆராய்ச்சியின் பயனாக, மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய இறுதி நான்கு இயல்களுக்கும் அப்பதிப்பிலே காணப்படும் உரை பேராசிரியருடையது என்பது தெளிவாயிற்று. தமிழிலக்கிய வரலாறு பயிலும் மாணவர் யாவரும் அறிந்த செய்தி இது. ஆயின் இச்செய்தியுள் நூலகவியலாருக்கு உரிய வினா ஒன்று உறைந்து கிடக்கின்றது. அப்பதிப்பைக் கையிலேந்திப் பட்டியலாக்கஞ் செய்பவர் உரையாசிரியர் பெயராக எதனை எழுதவேண்டும்? நூல் தன்னைப்பற்றித் தானே கூறுவதையா, ஆராய்ச்சி நிறுவியதையா? இரண்டையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் எது எங்கிருந்து பெறப்பட்டது என்பது பதிவிலே தெரியவேண்டும். அது தெரியாதவிடத்து நேர்மையாளர் ஒருவரின் பிழையும் பின்வந்தோரின் திருத்தமும் ஒன்றோடொன்று மயங்கி, இரண்டும் பயனற்றுப்போகும்.

நூற்பட்டியற் பதிவு என்பது வெறும் முகவரிச் சீட்டன்று. அது ஒரு கூற்று. இன்னார் இயற்றிய இன்ன நூல், இன்ன ஊரில், இன்ன ஆண்டிலே, இத்தனை பக்கங்களுடன் வெளிவந்தது என்று நூலகம் தன் பெயரால் உலகுக்குக் கூறுகின்றது. நெடுங்காலமாக இக்கூற்றுக்குத் தனியே சான்று காட்டவேண்டிய தேவை எழவில்லை. நூல் தட்டிலே இருந்தது. ஐயமுற்றவர் எடுத்துப் பார்க்கலாம். தலைப்புப் பக்கமே சான்றாகும். தலைப்புப் பக்கத்தில் இல்லாத செய்தியை வேறிடத்திலிருந்து எடுத்தபோது மாத்திரம் சதுர அடைப்புக்குறியும் ஒரு சிறு குறிப்பும் போதுமாயிருந்தன. 1978இல் வெளியான ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு இம்மனநிலையிலேயே எழுந்தது எனலாம். அன்றும் நுண்படச் சுருள்கள் இவ்வமைதியைச் சிறிது குலைத்தன. சுருளை விவரிப்பதா, சுருளிலே பதிவான நூலை விவரிப்பதா என்பது பற்றி அந்நாளிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் சுருளும் நூலகத்திலேயே ஒரு பெட்டியில் இருந்தமையாற் சிக்கல் எல்லை கடக்கவில்லை.

எல்லை கடந்தது இணையத்தின் வருகையோடுதான். 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. கூகிள் நிறுவனம் பெருநூலகங்களின் நூல்களை மின்வருடும் திட்டத்தை 2004இல் அறிவித்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கும் நூலகத் திட்டம் 2005இல் தொடங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் ஒன்றிணைந்து ஹாத்தி டிரஸ்ட் என்னும் எண்ணிமக் களஞ்சியத்தை 2008இல் அமைத்தன. இவற்றின் விளைவாக, பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பட்டியலாளர் ஒருவர் தாம் வாழ்நாளிற் காணவியலாத பதிப்புக்களின் தலைப்புப் பக்கங்களைத் தம் மேசையிலிருந்தே காணலாம். 1865இல் சென்னையில் வெளியான ஜோன் மர்டொக்கின் தமிழ் அச்சு நூற்பட்டியலும் இன்று இணையத்திலே படிக்கக் கிடைக்கின்றது. இது சிறிய நன்மையன்று. எண்ணிமப் பிரதியைச் சான்றாகக் கொள்ளலாகாது எனப் பழமை பேசுவோர், தாம் எதனை இழக்கச் சொல்லுகின்றனர் என்பதை எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகவே எண்ணிம நூலைச் சான்றாகக் காட்டலாமா என்பது இன்று விவாதத்திற்குரிய வினாவன்று. எவ்வாறு காட்டுவது என்பதே வினா. இதற்குரிய இடங்கள் பட்டியலாக்க அமைப்பிலே ஏற்கெனவே உள்ளன. மார்க் 21 என்னும் கணினிப் பதிவமைப்பில் 588 என்ற எண்ணுடைய புலம், விவரணத்துக்கு அடிப்படையான மூலம் எது என்பதைக் கூறுவதற்கென்றே அமைந்தது. ஆசிரியர் பெயர்களை ஒருசீராக்கும் பெயர்ப் பதிவுகளில் 670 என்ற புலம், பெயரின் வடிவமும் பிறப்பு இறப்பு ஆண்டுகளும் எந்நூலிற் காணப்பட்டன என்பதைக் குறிக்கின்றது. இடம் உண்டு, அவ்விடத்திலே எழுதப்படுவதுதான் பெரும்பாலும் குறையுடையது.

முதற் குறை, களஞ்சியத்தின் பெயரையே சான்றின் பெயராக எழுதிவிடுதல். ‘கூகிள் புத்தகங்கள், பார்த்த நாள் இன்னது’ என்று மாத்திரம் எழுதப்பட்ட பதிவு, ‘சந்தையிற் கேள்விப்பட்டது’ என்பதினின்றும் அதிகம் வேறுபடவில்லை. களஞ்சியம் ஒரு நூலன்று. அதனுள் மூவகைப் பொருள்கள் உள்ளன: நூலின் பக்கப் படிமங்கள் ஒன்று, அப்படிமங்களிலிருந்து கணினி தானாக வாசித்தெடுத்த எழுத்துரு மற்றொன்று, களஞ்சியத்தார் எங்கிருந்தோ பெற்று ஒட்டிய நூல்விவரம் வேறொன்று. இவற்றுள் முதலாவது மாத்திரமே நூலின் வாக்கு. ஏனைய இரண்டும் நூலைப்பற்றிப் பிறர் கூறியவை.

இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமையால் விளையுங் கேட்டினை 2009ஆம் ஆண்டிலே மொழியியலாளர் ஜெப்றி நன்பேர்க் எடுத்துக்காட்டினார். கூகிளின் நூல்விவரங்களிலே, 20ஆம் நூற்றாண்டில் எழுதிய பலரின் நூல்கள் 1899இல் வெளிவந்தனவாகக் காட்டப்பட்டிருந்தன. ஆண்டு தெரியாதவிடத்து 1899 என இட்டுநிரப்பும் வழக்கமுடைய பிரேசில் நாட்டு விவரத் தொகுப்பொன்றிலிருந்து அவை வந்தன என்று கூகிள் தரப்பினர் விளக்கம் கூறினர். இங்கே சிந்திக்கவேண்டியது பிழை எங்கே பிறந்தது என்பதை விட, அது எவ்வழியாகப் பரவும் என்பதேயாகும். நூலகம் ஒன்றின் பட்டியற் பதிவு களஞ்சியத்துக்குச் செல்கின்றது. களஞ்சியம் அதனைத் தன் பக்கத்திலே காட்டுகின்றது. மற்றொரு நூலகத்தின் பட்டியலாளர் அப்பக்கத்தைக் கண்டு, ‘களஞ்சியத்திற் காணப்பட்டது’ எனச் சான்று காட்டி அதே ஆண்டை எழுதுகின்றார். இப்பொழுது பார்ப்பவருக்கு ஒன்றையொன்று உறுதிசெய்யும் இரு சான்றுகள் இருப்பனபோல் தோன்றும். உண்மையில் இருப்பது ஒன்றேயாம். அதுவும் தன் நிழலையே தனக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கின்றது.

ஈழத்துப் புலவர் வரலாற்றுக்கு இச்சிக்கல் நேரே பொருந்துகின்றது. பழம் புலவர் ஒருவரின் பெயர்ப் பதிவை ஆக்குவோர் முதலில் நாடுவது சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலையே. அது 1859இல் யாழ்ப்பாணத்திலே வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1946இல் கொழும்பில் வெளிவந்தபோது தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்கள் சேர்க்கப்பட்டன. இரு பதிப்புக்கும் இடையே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் உள்ளன. சங்க இலக்கியங்கள் அச்சேறியதும், கல்வெட்டுக்கள் படிக்கப்பட்டதும், இலக்கிய வரலாறு ஒரு துறையாக உருப்பெற்றதும் அவ்விடைக்காலத்திலேதான். காசிச்செட்டி அறிந்திருக்கவே முடியாத செய்திகள் இரண்டாம் பதிப்பின் குறிப்புக்களில் இடம்பெற வாய்ப்புண்டு. பட்டியலாளர் இணையத்திலே 1946ஆம் ஆண்டுப் பதிப்பின் படிமத்தைப் பார்த்துவிட்டு, ‘தமிழ் புளூட்டாக், 1859’ எனச் சான்று காட்டினால், ஒருவரின் கூற்று மற்றொருவரின் தலையிலே சுமத்தப்படும். அது மாத்திரமன்று, 20ஆம் நூற்றாண்டின் ஊகம் 19ஆம் நூற்றாண்டின் மரபுச் செய்தியென மதிப்புப் பெற்றுவிடும்.

ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ இதற்கு இன்னுந் தெளிவான உதாரணம். 1886இல் வெளிவந்த அந்நூலைப் பொ. பூலோகசிங்கம் விரிவான ஆராய்ச்சிக் குறிப்புக்களுடன் 1970களில் மீளப் பதிப்பித்தார். அப்பதிப்பைக் கற்றோர், பதிப்பாசிரியரின் குறிப்புக்களுக்காகவே அதனைப் பெரிதும் நாடுவர். மூலநூலின் கூற்றைப் பதிப்பாசிரியர் மறுக்கும் இடமொன்றில், ‘பாவலர் சரித்திர தீபகத்திற் காணப்பட்டது’ என்ற ஒரு வரி எதனைக் குறிக்கும்? மறுக்கப்பட்டதையா, மறுப்பையா? பதிப்பாண்டும் பக்க எண்ணும் இன்றி இவ்வினாவுக்கு விடையில்லை. இத்தகைய பிழை அச்சுநூலைக் கையாண்ட காலத்திலும் நிகழ்ந்திருக்கலாம். ஆயின் அன்று நூலைக் கையிலெடுத்தவர் அதன் தாளையும் எழுத்தையும் கட்டையும் கண்டு அது எக்காலத்துப் பதிப்பு என்று ஓரளவு உணர்ந்தார். திரையிலே எல்லா நூல்களும் ஒரே அளவின, ஒரே நிறத்தின. தேடற் பெட்டியின் வழியாக நேரே 112ஆம் பக்கத்துக்குச் செல்பவர் தலைப்புப் பக்கத்தைத் திறந்தே பாராமலும் இருக்கலாம்.

இரண்டாவது குறை முதலாவதற்கு எதிரானது, அது மறைப்பு. எண்ணிமப் படிமத்தைப் பார்த்தே பதிவை ஆக்கிவிட்டு, அச்சுநூலைக் கண்ணாற் கண்டதுபோல எழுதுவோர் உளர். இதனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சென்ரிமீற்றரே. நூலின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, முழு எண்ணுக்கு உயர்த்தி எழுதுவது மரபு. படிமத்திலே உயரம் என்ற ஒன்று இல்லை. கோப்பின் பக்க அளவு வருடும் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. ஆகவே படிமத்தை மாத்திரம் கண்டவர் ‘21 செ.மீ.’ என்று எழுதுவாராயின், அவர் வேறொரு பதிவிலிருந்து அதனை எடுத்திருக்கவேண்டும், அல்லது கற்பனை செய்திருக்கவேண்டும். சிறிய விடயமெனத் தோன்றினும், அளக்காததை அளந்ததாக எழுதும் கை காணாததைக் கண்டதாக எழுதவும் தயங்காது.

படிமம் ஒரு பதிப்பின் படிமமன்று, ஒரு பிரதியின் படிமம் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. வருடப்பட்ட பிரதி மேலட்டை நீக்கி மறுகட்டுச் செய்யப்பட்டதாயிருக்கலாம். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை மேலட்டை அலங்காரப் பொருளன்று. விலையும், ஆசிரியரின் பிற நூல்களின் விளம்பரமும், அவரது ஊரும் புகைப்படமும், சிலவேளை வெளியீட்டாண்டு முழுதுமே அட்டையில்தான் இருக்கும். பக்கங்கள் உதிர்ந்திருக்கலாம், வருடுபவர் இரு தாள்களை ஒன்றாகப் புரட்டியிருக்கலாம், பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டப்படாமற் போயிருக்கலாம். இவை எதுவும் பதிப்பின் குறையன்று. எந்த நூலகத்தின் பிரதி வருடப்பட்டது என்பதைக் கூறும் களஞ்சியங்களும் உள்ளன. ஹாத்தி டிரஸ்ட் அவ்வாறு செய்கின்றது. ஒரே நூலின் இரு நூலகப் பிரதிகளை இரு வேறு அடையாளங்களுடன் வைத்திருக்கின்றது. கொடுக்கப்பட்ட அச்செய்தியைக்கூட எடுத்தெழுதாமல் விடுவது சோம்பலன்றி வேறில்லை.

ஆண்டு பற்றிய சிக்கலும் ஒன்றுண்டு. பழைய தமிழ் நூல்கள் பல தம் ஆண்டை அறுபதாண்டுச் சுற்றிலே கூறுகின்றன. ‘பார்த்திப வருடம்’ என்பது 1885 சித்திரை முதல் 1886 பங்குனி முடிய உள்ள காலத்தைக் குறிக்கலாம், 1945-46ஐயும் குறிக்கலாம். தாளையும் அச்சையும் கொண்டு இவற்றுள் ஒன்றைத் தெரிவது நூலைக் கையிற்கொண்டவருக்கு எளிது. கறுப்பு வெள்ளைப் படிமத்தைக் காண்பவருக்கு அத்துணை எளிதன்று. அவர் தெரிவு செய்யலாம். ஆயின் நூலிலே காணப்படும் வருடப் பெயரையும், தாம் அதற்குக் கொடுக்கும் கிறித்துவ ஆண்டையும் பிரித்துக் காட்டல் வேண்டும். பார்த்திபவை 1885 என்று மாத்திரம் எழுதியவர், 1886 தையிலே வெளிவந்த நூலை ஓராண்டு முன்தள்ளியிருக்கவும் கூடும்.

தட்டெழுதப்பட்ட மின்னுரைகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினாற் போதும். மதுரைத் திட்டத்தின் உரைகள் படிப்பதற்கும் தேடுவதற்கும் பேருதவி புரிவன. ஆனால் அவை புதிய பிரதிகள். ஏட்டிலிருந்து ஏடெழுதியவர் செய்த தொழிலையே விசைப்பலகையிற் செய்தவை. அவற்றைக் கொண்டு அச்சுநூலின் பக்க எண்ணையோ தலைப்புப் பக்க வாசகத்தையோ நிறுவவியலாது. கணினி தானாக வாசித்த எழுத்துருவோ இன்னும் நம்பத்தகாதது. ஏட்டுச் சுவடிகளிலே புள்ளியின்மையாலும், ரகரமும் காலும் ஒருவடிவாய் இருந்தமையாலும் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. மங்கிய படிமத்தை வாசிக்கும் கணினி அதே ரகரத்திலும் காலிலும் இன்று தடுமாறுவதைக் காண்போர் காலச் சக்கரத்தின் குறும்பை எண்ணிச் சிரிக்கலாம்; அத்தடுமாற்றத்தைப் புலவர் பெயராகப் பதிவேற்றுவது மாத்திரம் கூடாது.

இனி, எண்ணிமச் சான்று நிலையற்றது என்ற வாதம் உண்டு. அது வலுவற்ற வாதமன்று. 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்குள்ளாகி, அதன் பட்டியலும் எண்ணிமச் சேகரங்களும் நெடுநாள் பயன்படுத்தவியலாதனவாயின. 2024 ஒக்ரோபரில் இணைய ஆவணகமும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் செயலிழந்தது. அதே ஆவணகம், பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கிலே 2023இலும் மேன்முறையீட்டில் 2024இலும் தோல்வியுற்று, இணையவழி இரவல் கொடுத்துவந்த ஏறத்தாழ 5 இலட்சம் நூல்களை வாசகர் எட்டாதபடி நீக்க நேர்ந்தது. அந்நூல்களின் படிமங்களைச் சான்றாகக் காட்டிய பதிவுகள் இன்று பூட்டிய கதவுகளையே சுட்டுகின்றன. இந்திய எண்ணிம நூலகத் திட்டத்தின் தளம் மூடப்பட்டபின், அதிலிருந்த நூல்கள் பல வேறொரு களஞ்சியத்தில் மாத்திரம் எஞ்சியுள்ளன. பழைய முகவரியை மட்டும் எழுதிவைத்தவருக்கு அவை இல்லாதனவே.

ஆனால் இவ்வாதத்தை முன்வைப்போர், அச்சுநூல் நிலையானது என்ற எண்ணத்தை அதனுள் ஒளித்துவைக்கின்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுட் சில வேறெங்கும் பிரதியில்லாதன என்று கருதப்படுகின்றன. இவ்வழிவைக் கண்ட ஒரு சமூகத்துக்கு அச்சுநூலின் நிலைபேறு பற்றி எவரும் உபதேசிக்கத் தேவையில்லை. முகவரி அழியும், கட்டடமும் அழியும். இரண்டும் அழிந்தபின்பும் இன்னொரு பிரதியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய அடையாளங்களைத் தருவதே சான்றுக் குறிப்பின் கடமை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஊர், அச்சகம், ஆண்டு, பக்கம், பார்த்த பிரதி எவருடையது, எப்போது பார்க்கப்பட்டது என்பன எழுதப்பட்டிருப்பின் இணைய முகவரி இறந்தாலும் சான்று இறவாது. முகவரி மாத்திரம் எழுதப்பட்டிருப்பின் அது வாழும்வரைதான் சான்றும் வாழும்.

இத்துணை விரிவாக எழுதப் பட்டியலாளருக்கு நேரமேது என்று கேட்கப்படலாம். இரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியல் விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பது. பட்டியலாளர் சேமிக்கும் இரண்டு நிமிடம், பின்வரும் ஆய்வாளர் ஒவ்வொருவரிடமிருந்தும் இரண்டு நாட்களை வாங்கிவிடுமாயின் அது சேமிப்பாகாது. அன்றியும் இது தமிழுக்குப் புதிய பழக்கமுமன்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, தாம் ஒப்பிட்ட ஏட்டுப் பிரதிகள் எவரெவரிடமிருந்து கிடைத்தன, அவை எந்நிலையில் இருந்தன என்பதைப் பதிப்பிலேயே கூறினார். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டினார். அவ்வேடுகளை இனி எவரும் காணாராயினும், அவர் எதனைக் கண்டார், எதனைக் காணவில்லை என்பது தெரியும். இணையப் பிரதியைக் கையாளும் பட்டியலாளரிடம் எதிர்பார்க்கப்படுவது இதனின் மிகுதியான ஒன்றன்று.

ஈழத்து வெளியீடுகளைப் பொறுத்தவரை இது அவசரமான பணியாகும். கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், நினைவு வெளியீடுகள், இரண்டு மூன்று இதழ்களோடு நின்றுபோன சிறு சஞ்சிகைகள் ஆகியன நூலகங்களுக்கு ஒழுங்காக வந்தவையல்ல. வீடுகளிலே இருந்தவை இடப்பெயர்வுகளில் அழிந்தன. நூலகத் திட்டத்தின் சேகரத்திலே இத்தகையன பல இடம்பெற்றுள்ளன; ஒவ்வொன்றுக்கும் நூலக எண் கொடுக்கப்பட்டு, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு முதலிய விவரங்களும் தரப்படுகின்றன. பல்கலைக்கழக நூலகமொன்று இவற்றைத் தன் பட்டியலிலே சேர்க்கும்போது, அவ்விவரங்களை அப்படியே பெயர்த்தெழுதுவது எளிது. படிமத்தைத் திறந்து தலைப்புப் பக்கத்தையும் பதிப்புரையையும் பார்த்து, இரண்டும் முரணுமிடத்தைக் குறிப்பது கடினம். தன்னார்வலர் பலர் உழைத்து உருவாக்கிய விவரங்களை மதிப்பது என்பது அவற்றைச் சோதித்துப் பயன்படுத்துவதேயன்றிக் கண்மூடிப் பின்பற்றுவதன்று.

இத்தகைய மலரொன்றின் பதிவிலே, விவரணம் இணையப் படிமத்தை அடிப்படையாகக் கொண்டது, அச்சுப்பிரதி பார்க்கப்படவில்லை, தலைப்பு உட்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது, மேலட்டை படிமத்தில் இல்லை, 33 முதல் 36 வரையுள்ள பக்கங்கள் காணப்படவில்லை, ஆண்டு வாழ்த்துரை ஒன்றின் திகதியைக் கொண்டு உய்த்துணரப்பட்டது என்று ஐந்தாறு தொடர்கள் எழுதப்படலாம். என்றேனும் ஒருநாள் கனடாவிலோ இலண்டனிலோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து அம்மலரின் அச்சுப்பிரதி ஒன்று வெளிப்படுமாயின், அதனை எடுப்பவர் முதலிலே திறந்துபார்க்க வேண்டிய பக்கம் 33 என்பது அப்பதிவிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும்.